இறங்குமிடம்

உச்சிமாகாளி இறங்கியது என் கால்மேல்.
ஸ்கோர் தாளில் அது இல்லை.
மூன்றாம் குவார்ட்டர், ஏழாவது நிமிடம்,
எண் பதினைந்துக்குப் பதில் எண் நான்கு.
அவ்வளவுதான்.

பந்தைப் பிடித்துவிட்டான், அதுதான் எனக்கு ஆறவில்லை.
வளையத்தில் பட்டுத் தெறித்ததை
எல்லோர் கைக்கும் மேலே போய் எடுத்து
முழங்கையை விரித்தபடி
காலியிடம் என்று நம்பிக் கீழே வந்தான்.
அங்கே நான்.
மேலப்பாளையம் மைதீன், ஐந்தடி ஏழங்குலம்,
ரீபவுண்டில் வேலையே இல்லாத ஆள்.

கோலி சோடாவை அமுக்கினால் வருமே,
அத்தனை சின்னச் சத்தம்.
பாளையங்கோட்டை கேலரி அப்போதும்
அந்தப் பந்துக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தது.

லீவில் வந்தவனை ஆட்டத்தில் இறக்கியதும் நான்தான்.
பெங்களூர் கிளப்பில் இரண்டு வருஷ ஒப்பந்தம்,
எட்டு ஆட்டம் முடிந்திருந்தது.
வெளியே ஆடக்கூடாது என்று அதில் பதினான்காம் பிரிவு.
"ஒரு மேட்ச்தாம்ல, செமி பைனல்" என்றேன்.
"வாரேம்டே" என்றான்.
பிரிவைப் படித்திருந்தவன் அவன்.
இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாணை உருவி
முட்டுக்குள் இழுத்துக் கட்டினார்கள். இரண்டு திருகாணி.
ஆபரேஷன் மேசை நீளம் பற்றாமல்
கால்மாட்டில் ஸ்டூல் போட்டார்களாம்.
கிளப் ஒரு ரூபாய் தரவில்லை.
அவன் அக்கா நகை முக்கூடல் வங்கியில்
இன்னும் இருக்கிறது.

திரும்புவானா?
ஜங்ஷன் ஆட்டோக்காரர்கள் வரை கேட்டாயிற்று.
ஆறடி எட்டங்குலம் டவுன் பஸ்ஸில் குனிந்து நின்றால்
கேட்கத்தானே செய்வார்கள்.
"ஒசரம் எங்கயும் போயிராதுல்லா" என்கிறார் ஒருவர்.
"கரண்ட் ஆபீஸ்ல சேத்துவிடுங்க, ஏணிச் செலவு மிச்சம்" என்கிறார்
பின்சீட்டிலிருந்து இன்னொருவர்.
ஹைகிரவுண்டில் பிசியோ ஹெப்சிபா
டேப் வைத்துத் தொடையை அளக்கிறாள்.
இடது, வலதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு.
ஆறு மாதம் முன்னால் நான்கு.
"முட்டு ரெடி. மீதிய அவர்கிட்ட கேளுங்க."

விடியற்காலை ஐந்தரைக்கு நான் எறிகிறேன்,
அவன் எடுக்கிறான்.
எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று:
எம்பி மேலே போனதும்
ஒரு கணம் கீழே பார்க்கிறான்.
தரை இருக்கிறதா என்று அல்ல,
தரையில் யார் என்று.
சென்டருக்கு அந்த ஒரு கணம் கிடையாது.
அதற்குள் பந்து வேறொருவன் பெயருக்கு மாறிவிடும்.
பஞ்சாப் பையன் ஒருவன் இப்போது அவன் ஜெர்சியில்,
பத்தொன்பது வயது,
கீழே பார்ப்பதே இல்லை.

நாளை மறுநாள் பெங்களூரில் அழைத்துப் பார்க்கிறார்கள்.
நாற்பது நிமிடம். பிறகு ஒரு கையெழுத்து,
அல்லது கைகுலுக்கல்.

இன்று காலை பந்தை என்னிடம் தரவில்லை.
பலகையில் தானே எறிந்துகொள்வதாகச் சொன்னான்.
"நீ அன்னைக்கி நின்ன எடத்துல போயி நில்லுல."
"வேண்டாம்டே."
"நில்லுல. காலையும் அதே மாதிரி வையி."

வைத்தேன்.
சிமென்ட் தரையில் இரவுப் பனி காயவில்லை.
பலகை அதிர்ந்தது. ரப்பர் தரையை விட்டுக் கிளம்பும் ஓசை.
அதற்குப் பிறகு
பதினைந்தாம் நம்பர் ஷூ இரண்டும் எங்கே இருந்தன,
அவன் கண் எங்கே இருந்தது,
எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன்.
பக்கத்தில் பாரமாக ஏதோ வந்து நின்றது.
ஒரு விரல் தள்ளி.

"கீழ பாத்தியாடே?" என்றேன்.
"நீ பாக்கலையா?" என்றான்.

சாயங்காலம் ரயிலேற்றிவிட்டு வந்தேன்.
படுக்கை அவனுக்கு முக்கால் ஆள் நீளம்.
இடது கால் நடைவழியில் நீட்டிக் கிடக்கும்.
மதுரையில் ஏறுகிறவர்கள், காபிக்காரர்,
பாதி ராத்திரி பாத்ரூம் போகிற பிள்ளைகள்
கொஞ்சம் கீழே பார்த்து நடக்க வேண்டும்.